எதிர்த்தரப்பிடம் பேசியாச்சா?

2009 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த சிபேக் மாநாட்டில் வலதுசாரிப் பத்திரிகையாளர் டக்கர் கார்ல்சன் பேசியதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அமெரிக்க வலதுசாரிகள் ஆண்டுதோறும் கூடுகிற பெரிய மாநாடு அது. நியூயார்க் டைம்ஸ் இடதுசாரிப் பத்திரிகைதான், ஆனாலும் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அதற்கு உண்டு, நம் தரப்பும் அப்படியொன்றைக் கட்டியெழுப்ப வேண்டும் என்றார். அரங்கிலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அடுத்த ஜனவரியில் அவரும் நீல் படேலும் டெய்லி காலர் என்ற வலதுசாரிச் செய்தித் தளத்தைத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட வலதுசாரி ஊடகங்களே தேவையில்லை என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1998 ஜனவரியில் அதிபர் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியாளராக இருந்த மோனிகா லெவின்ஸ்கிக்கும் இருந்த உறவு பற்றிய செய்தி நியூஸ்வீக் நிருபர் மைக்கேல் இசிகாஃபின் கையில் இருந்தது. பத்திரிகை அதை நிறுத்தி வைத்தது. 17ஆம் தேதி இரவு அதைத் தன் வலதுசாரிச் செய்தித் தளத்தில் போட்டு உடைத்தவர் மாட் டிரட்ஜ், ஒரு காலத்தில் சிபிஎஸ் ஸ்டுடியோவின் பரிசுப்பொருள் கடையில் வேலை பார்த்தவர். 2023 டிசம்பரில் அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளாடின் கே எழுதிய வரிகளையும், அவை எடுக்கப்பட்ட மூல வரிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார் வாஷிங்டன் ஃப்ரீ பீக்கன் என்ற வலதுசாரித் தளத்தின் நிருபர் ஆரன் சிபேரியம். யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதைத்தான் நல்ல செய்தி வேலை என்பேன்.

சரி, எங்கே கெட்டது? எனக்கு 2010 ஜூலைதான் நினைவுக்கு வருகிறது. வலதுசாரி இணையதளங்கள் நடத்திய ஆண்ட்ரூ பிரைட்பார்ட் ஒரு சின்ன வீடியோ துண்டை வெளியிட்டார். ஜார்ஜியா மாநிலத்தில் மத்திய அரசின் வேளாண் துறை அதிகாரியாக இருந்த ஷெர்லி ஷெராட் என்ற கறுப்பினப் பெண், ஒரு வெள்ளை விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று அதில் சொல்கிறார். அன்றைக்கே வேலை போனது. காரை ஓரங்கட்டிவிட்டு ராஜினாமாவை அனுப்பச் சொன்னார்கள் என்று அவரே பிறகு சொன்னார். முழு உரை வந்தபோதுதான் தெரிந்தது, அவர் சொல்ல வந்ததே வேறு: தன் மனத்தடையைத் தாண்டி அந்த விவசாயிக்கு உதவிய கதை அது. எங்கள் நிலத்தைக் காப்பாற்றியவரே அவர்தான் என்று அந்தக் குடும்பமே தொலைக்காட்சியில் வந்து சொன்னது. அப்புறம் வேளாண் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். அந்தத் துண்டு அப்படியே தான் கைக்கு வந்தது என்றார் பிரைட்பார்ட். இருக்கட்டும். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதுமே! போடாமல் நம்பிய அரசு, அவரை அவசரமாகக் கண்டித்த கறுப்பினர் உரிமை அமைப்பு, இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

நான் சில வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இரவு பதினொரு மணிக்கு, பக்கம் முடிக்கிற அவசரத்திலும், எங்கள் தலைமை உதவி ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வி, "எதிர்த்தரப்பிடம் பேசியாச்சா?" பேசவில்லை என்றால் செய்தி மறுநாளைக்குப் போகும். அப்போது எரிச்சலாக இருக்கும். ஷெராட் விஷயத்தைப் படித்த பிறகு அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்கானது.

அமெரிக்க வலதுசாரிகளிடம் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. வாசகர்களும் முதலாளிகளும் அவர்களைத் தாங்கவில்லை என்பதே என் வருத்தம். 1995 முதல் வந்த வீக்லி ஸ்டாண்டர்டை 2018 டிசம்பரில் அதன் உரிமையாளர்கள் மூடினார்கள். டிரம்பைத் துணிந்து விமர்சித்த வலதுசாரி இதழ் அது. அதன் கடைசி ஆசிரியர் ஸ்டீபன் ஹேய்ஸ், ஜோனா கோல்ட்பெர்க்கோடு சேர்ந்து 2019இல் தி டிஸ்பாட்ச் தளத்தைத் தொடங்கினார். சந்தா கட்டும் வாசகர்களை நம்பி நடக்கிற தளம். இருவரும் வலதுசாரித் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸில் விமர்சகர்களாகவும் இருந்தார்கள். 2021 நவம்பரில் அங்கிருந்து விலகினார்கள். காரணம், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் அந்த ஆண்டு ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நடத்திய தாக்குதலைப் பற்றி ஃபாக்ஸின் இணையத் தளத்தில் வந்த ஒரு தொடர். அது உண்மைக்குப் புறம்பானது, ஆபத்தானது என்று இருவரும் வெளிப்படையாக எழுதினார்கள்.

அந்தத் தொடரை வழங்கியவர், 2009 மேடையில் கூச்சலை வாங்கிக்கொண்ட அதே டக்கர் கார்ல்சன்.