அது நகல் அல்ல, அழித்துவிடாதீர்கள்

'ஆண்ட்ராய்டு போனில் எஸ்டிகார்டு என்ற ஃபோல்டரிலும் ஸ்டோரேஜ்/எமுலேட்டட்/0 என்ற ஃபோல்டரிலும் ஒரே படங்கள் இருந்தால் ஒன்றை அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாம்' என்று கட்டுரையில் வந்துள்ள யோசனையைத் தயவுசெய்து நீக்குங்கள். யாராவது நம்பிச் செய்தால் குடும்பப் படங்கள் மொத்தமும் போய்விடும். இரண்டும் ஒரே ஃபைலுக்குப் போகிற இரண்டு பாதைகள்தான். ஃபைல் உண்மையில் இருப்பது டேட்டா/மீடியா/0 என்ற இடத்தில்.

ஏன் இந்தச் சுற்றுவழி? பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஆப்களுக்கு ஒரு பார்ட்டிஷன் (சேமிப்பிடத்தில் தனியாகப் பிரித்த பகுதி), படம் பாட்டுக்கு வேறொன்று. அங்கே ஜிபி கணக்கில் காலியாகக் கிடக்கும், இங்கே ஆப் போட்டால் 'இடமில்லை' என்று வரும். யூஎஸ்பியில் மாட்டினால் படப் பகுதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கழற்றும்வரை போனில் ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியாது. இப்போது எல்லாம் ஒரே பார்ட்டிஷன். ஆண்ட்ராய்டு 11 முதல் ஃபியூஸ் என்ற மென்பொருள் அடுக்கு நடுவில் நின்று, எந்த ஆப் எந்த ஃபைலைத் தொடலாம் என்று பார்த்துத்தான் விடுகிறது. பாதையின் கடைசியில் வரும் அந்த 0 போனின் முதல் பயனரைக் குறிக்கும். ஒர்க் ப்ரொஃபைல் (அலுவலக ஆப்களுக்கான தனிப் பகுதி) இருந்தால் அதற்குப் பெரும்பாலும் 10.

இடம்தான் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஆப் ஆப்பாகப் போய் கேஷை (ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஃபைல்களை) அழியுங்கள்.