"பால் பத்தலை" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள்

போன வாரம் முக்கூடலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள்.

நான் உள்ளே நுழையும்போது பிள்ளை வீல் வீல் என்று கத்துகிறது. பார்க்க வந்த பெண்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர், "பால் பத்தலைட்டி, டப்பாப்பால் வாங்கச் சொல்லு" என்கிறார்கள். சங்கு கழுவித் தயாராக இருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும், "சித்தி, எனக்குப் பால் இல்லையாம்" என்றாள். இல்லையாம்! அவள் உடம்பைப் பற்றி அவளுக்கே ஊர்தான் சொல்லியிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

முதல் இரண்டு மூன்று நாள் ஊறுவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, ஸ்பூன் கணக்கில்தான் வரும். பிறந்த பிள்ளையின் குட்டி வயிற்றுக்கு அதுவே போதும், நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. பசு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறோம், பெற்றவளின் சீம்பாலைப் பார்த்து "பத்தலை" என்கிறோம். மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில்தான் பால் கட்டும். பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும், அதிலும் ராத்திரி கொடுப்பது ரொம்ப முக்கியம். நடுவில் டப்பாப்பால் போனால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், சப்பாது. அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும்.

சந்தேகமாக இருந்தால் துணியை எண்ணுங்கள். ஒரு வாரத்துக்குள் நாளைக்கு ஆறு தடவையாவது ஈரமாக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இது நடக்கவில்லை என்றாலோ, பிள்ளை சப்பாமல் சோர்ந்தே கிடந்தாலோ உடனே டாக்டரிடம் போகணும், அதில் தாமதமே கூடாது.

சரி, அவளுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு கை சோறு, பூண்டுக் குழம்பு, அரை டம்ளர் வெந்நீர். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்." தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டியவளுக்கு அரை டம்ளர்! பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பத்தியம் என்ற பேரில் நாம் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் குறையே இல்லை. கருப்பட்டிப் பாகில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுங்கள். முருங்கைக்கீரை, முட்டை, பயறு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பால்சுறாப் புட்டு விஷயத்தில் மட்டும் என் ஆச்சியோடு எனக்கு ஒத்துப்போகாது. சுறா இனத்தில் பாதரசம் சேரும், பால் கொடுப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. சாளையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கின்றன, குழம்பு வையுங்கள்.

அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்தேன், சங்கை அலமாரியில் ஏற்றினேன். பார்க்க வந்தவர்களைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளையை அவள் நெஞ்சோடு போட்டுக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் விடியற்காலம் ஃபோன். "சித்தி, கல்லு மாதிரி கனக்கு. துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"பிள்ளையை எழுப்பிக் கொடுட்டி" என்றேன்.