எத்தனை கட்டுரை என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் மண்டபத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காணொளி வந்திருக்கும். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஆய்வு செய்கிற பெண்ணைப் பாராட்ட அழைத்துவிட்டு, "இத்தனை வருடத்தில் பதினோரு ஆய்வுக் கட்டுரைதானா அம்மா?" என்று மேடையிலேயே கேட்டார்கள். சபையும் சிரித்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எத்தனை என்று கேட்டீர்களே, அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

1976ஆம் ஆண்டு, கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்த ஆய்வு அது. நம் எல்லோர் கையிலும் தழும்பு இருக்கிறதே, அதே மருந்துதான். ஆய்வில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பதே பேர்! சிறுநீர்ப்பைச் சுவரின் தசைக்குள் இறங்காத, ஆனால் திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ள கட்டிகளுக்கு இன்றும் உலகம் முழுவதும் அந்தச் சிகிச்சையைத்தான் நம்புகிறார்கள்.

என் அப்பாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். குழாய் வழியே மருந்தை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். அப்பா தோள் துண்டின் நுனியைப் பல்லால் கடித்தபடி, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர், வலிக்கிறது என்று வாய் திறக்கமாட்டார். அந்த ஒன்பது பேரைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று அன்றைக்கு யாராவது சிரித்து ஒதுக்கியிருந்தால், என் அப்பாவுக்கு எதைக் கொடுத்திருப்பார்கள்?

இந்த நோயின் குணமே திரும்பத் திரும்ப வருவதுதான். கட்டியை எடுத்த பிறகும் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உள்ளே கருவி விட்டுப் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் தொடரும். மருந்து பலித்ததா என்று சொல்ல ஆய்வாளரும் அத்தனை வருடம் அந்த நோயாளிகளோடு காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து எழுதிய பதினொன்று அவை.

"பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் 2023இல் மட்டும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று திரும்பப் பெறப்பட்டன. அவையும் அதுவரை எண்ணிக்கையில் சேர்ந்திருந்தவைதானே? "உனக்கு மருத்துவம் தெரியுமா?" என்று குழுவில் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தெரியாது, அண்ணே. மேடையில் கேட்டவருக்கும் தெரியாது. அவரை ஏன் நீங்கள் கேட்கவில்லை? "உன் தோட்டத்துப் பெண் என்பதால் பேசுகிறாய்" என்றும் ஒருவர். ஆமாம், என் தோட்டத்துப் பெண்தான். வெளியூரிலிருந்து வந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பீர்கள். நம் லயத்திலிருந்து போன பிள்ளை என்பதால்தானே அந்தச் சிரிப்பு வந்தது? அதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பாட்டன்மார் வெட்டிய பால் கப்பலேறிப் போன இங்கிலாந்தில், ரப்பர் தொழிற்சாலைகளில் கலந்த ஒரு ரசாயனத்தால் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. 1949இல் அதை நிறுத்தினார்கள். எத்தனை தொழிலாளர்களுக்கு நோய் வந்தது என்று தேடிக் கணக்கெடுத்து, கேஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1954இல் எழுதி வைத்தார்கள். அங்கே தொழிலாளியை எண்ணினார்கள். இங்கே கட்டுரையை எண்ணிக்கொண்டு நிற்கிறோம். நம் தோட்டங்களில் எத்தனை பேர் சிறுநீரில் இரத்தம் போவதைச் சூடு என்று சொல்லி, பார்லித் தண்ணீர் குடித்துவிட்டு இருந்தார்கள்? அப்பாவும் அப்படித்தான் இருந்தார். வலியில்லாமல் வரும், இரண்டு நாளில் தானாக நிற்கும், பிறகு வரும். வலியில்லாததால்தான் ஏமாந்துபோகிறோம். புகைபிடிப்பதுதான் இந்த நோய்க்கு முதல் காரணம் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று அந்தப் பெண் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அடுத்த மாதமே அவரை மறுபடி அழையுங்கள். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். தோட்டத்துப் பெரியவர்களையும் புகைபிடிக்கிற அண்ணன் தம்பிகளையும் கூட்டி வருகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.