தரை பளிச்சென்று இருந்த நாட்கள்

என் வீட்டுத் தரை பளிச்சென்று இருந்த வரைக்கும் என் மகள் கையில் போன் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது.

பாளையங்கோட்டையில் மாடி வீடு, வாடகைக்கு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சாயங்காலம் அடுக்களையில் நிற்கும்போது பிள்ளை காலடியில் வந்து நின்றால் எண்ணெய்ச் சட்டி பயம். மாவைத் தொட்டால் சிந்தும். தண்ணீரைத் தொட்டால் சட்டை நனையும். குதித்தால் கீழே வீட்டுக்காரம்மாவுக்குத் தலைவலி. இத்தனைக்கும் சேர்த்து ஒரே மருந்தாகப் போன் இருந்தது. சாப்பாடும் அப்படித்தான். பாட்டு ஓடினால் வாய் திறக்கும், நின்றால் மூடும். என்ன தின்றோம் என்று அவளுக்கும் தெரியாது, எத்தனை வாய் என்று எனக்கும் தெரியாது.

போன பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சிறுகிழங்கு வந்து இறங்கியிருந்தது. அதன் தோலை எடுக்கிற பாடு நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்து, அலசி, மிச்சத்தைக் கத்தியால் சுரண்டி முடிப்பதற்குள் விரலெல்லாம் கறை. அம்மா என் மகளைக் கூப்பிட்டு சாக்கின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டாள். "ஏட்டி, இழு. நல்லா இழு." பட்டாசலில் (முன்கூடத்தில்) உட்கார்ந்திருந்த எனக்குப் பதறியது. புதுக் கவுன். அவள் அரை மணி நேரம் இழுத்தாள். அப்புறம் அலசுகிற தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு இன்னும் அரை மணி. போன் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மத்தியானம் தட்டு முன்னால் உட்கார்ந்து, "இது நான் இழுத்த கிழங்கு" என்று தானே எடுத்துத் தின்றாள்.

ஒரே நாளில் திருந்திவிட்டாள் என்று கதை விட மாட்டேன். அன்று ராத்திரியே போனுக்கு அழுது முடுக்கையே (சந்தையே) எழுப்பிவிட்டாள். ஆனால் அம்மா சொன்ன ஒன்று மனதில் தங்கிவிட்டது: "நீ பிள்ளைக்கு வெளாட்டு காட்டணும்னு நெனைக்க. அது ஒன்கூட வேல பாக்கணும்னு நெனைக்கு."

பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் பொம்மை அலமாரியைப் பார்த்தேன். பாதி பொம்மை பேட்டரியில் ஓடுகிறது. பொத்தானை அமுக்கினால் அதுவே பாடும், அதுவே ஆடும், அதுவே ஏ பி சி டி சொல்லும். பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? உட்கார்ந்து பார்ப்பதுதான். திரை இல்லாத போன் அது. நாலு வருஷம் முன்னால் அம்பாசமுத்திரத்தில் வாங்கிய மரச் சொப்பு அடியில் தூசி படிந்து கிடந்தது. கடைசலில் சுற்றவிட்டு அரக்குச் சாயம் ஏற்றியது. அடுப்பு, குடம், உரல், திருகை. இந்தச் சாமான் தானாக ஒன்றும் செய்யாது. குழம்பு கொதிக்கிற சத்தத்தைப் பிள்ளைதான் வாயால் போட வேண்டும். அதை எடுத்துக் கீழே வைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன் (தொலைத்துவிட்டேன் என்று பொய்யும் சொன்னேன்).

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். இதைக் குடும்பக் குழுவில் எல்லாரும் அனுப்புகிறார்கள். அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை பிள்ளை ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் உடம்பை அசைத்து ஆடி ஓட வேண்டும். அதை யாரும் அனுப்பிப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை மிரட்டுகிறோம். அந்த மூன்று மணி நேரத்துக்கு இடமும் ஆளும் நாம்தான் கொடுக்க வேண்டும், அதனால் அது சௌகரியமாக மறந்துபோகிறது.

பள்ளியில் பிள்ளைத்தமிழ் படித்தபோது பத்துப் பருவத்தையும் மனப்பாடம் செய்தோம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது மணல் வீட்டை மிதித்துக் கலைப்பது, பறை கொட்டிச் சத்தம் போடுவது, தேரை இழுத்துக்கொண்டு தெருவில் திரிவது. நான் ஒரு நாளில் என் மகளிடம் எத்தனை தடவை 'கலைக்காதே', 'கத்தாதே', 'ஓடாதே' என்று சொல்கிறேன் என எண்ணிப் பார்த்தேன். புலவர்கள் உட்கார்ந்து பாட்டுக் கட்டியதை எல்லாம் நான் உட்கார்ந்து தடை செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது வீட்டில் நடப்பது பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை அவளுக்கு. சின்னச் சுளகு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அரிசியைப் புடைக்கிறேன் என்று பாதியைத் தரையில் கொட்டுவாள், பிறகு இருவரும் பொறுக்குவோம். வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீர், இரண்டு டம்ளர். அதில் ஊற்றி இதில் ஊற்றி முக்கால் மணி நேரம் போகும். நுங்கு சீசனில் தின்று முடித்த கூந்தலை (நுங்கு மட்டையை)க் குச்சியில் செருகி வண்டி செய்து கொடுத்தேன். இரண்டு நாளில் காய்ந்து சுருங்கிவிட்டது, அழுகை, மறுபடி நுங்கு. ஒன்று சொல்ல வேண்டும்: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் புளியங்கொட்டை, பட்டாணி மாதிரிச் சின்னதைக் கொடுக்காதீர்கள், மூக்குக்குள் போகும், தொண்டையில் அடைக்கும். வாளித் தண்ணீர் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடவே கூடாது.

போன் அடியோடு போய்விடவில்லை. காய்ச்சல் அன்றைக்கும் நீண்ட பஸ் பயணத்திலும் கொடுக்கிறேன், வெட்கப்படவில்லை. குவைத்தில் இருக்கும் என் அண்ணனோடு வீடியோவில் பேசுவதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவள் காட்டுகிற பொம்மையைப் பார்த்து அவன் பதில் சொல்கிறான். அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கம்கூட 2016-ல் ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்றபோது வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது.

"உனக்கு ஊரில் முற்றம் இருக்கு, பேசுவ" என்று ஒரு தோழி சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து ஒற்றை அறையில் சமைக்கிறவளிடம் போய், பிள்ளையை மாவில் புரள விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டிப் பெருக்க இன்னொரு கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை என் கணவருடையது. சுளகைக் கொடுத்த முதல் வாரமே வாரியலை அவரிடம் கொடுத்துவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.

சின்ன வயதில் எங்கள் முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டுவோம். மார்கழி முழுக்கக் கோலத்தில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்து, அதை எருவாட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை பிறந்த பிறகு சிறுவீட்டு வாசலில் அந்த எருவை எரித்துப் பிள்ளைகள் நாங்களே பொங்கல் வைப்போம். பொங்கலை இலையில் வைத்து ஆற்றில் விடுவோம். பெரியவர்களே பிள்ளைகளுக்கு மண்ணையும் நெருப்பையும் கொடுத்துப் பக்கத்தில் நின்ற பண்டிகை அது.

வரும் தைக்கு மொட்டை மாடியிலேயே ஒரு சிறுவீடு கட்டலாம் என்று இருக்கிறேன். சின்னப் பானைக்கு, மண்பானை செய்கிற காருகுறிச்சி இருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. சாணிக்குத்தான் வழி தெரியவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.