எந்தக் கேமரா என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை வடபழனி திரையிடலில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் படம் எடுத்து வந்த ஒரு தம்பியை, எல்லோர் முன்னாலும் மைக்கில் கேலி செய்தார்கள். வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவிட்டது, முழுவதையும் மறுபடி விவரிக்கத் தேவையில்லை. வீடியோவில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேடையிலிருந்து இறங்கி வந்த அந்தத் தம்பி, அதற்குப் பிறகு போட்ட படங்கள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போனில் எடுத்ததையெல்லாம் பெரிய திரைக்குக் கொண்டுவராதீர்கள், நல்ல கேமராவை வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள் எதற்குப் படம் எடுக்க வேண்டும்?" என்று மைக்கில் கேட்டவர் மீது எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. அவருடைய அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சொன்னது தவறு. தொழிலைத் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து வந்ததால் இரண்டு மடங்கு தவறு.

தம்பியின் படத்தில் குறை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மொட்டை மாடி இரவுக் காட்சியில் திரை முழுக்க நாய்ஸ், அதாவது மணல் தூவியது போலப் புள்ளிகள். ஒளியை வாங்கிப் படமாக்கும் போனின் சின்ன சென்சாருக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் அப்படித்தான் வரும். அதற்குக் கேமராவை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்து முழு இருட்டு வருவதற்குள் ஒரு இருபது நிமிடம் வானம் நீலமாக நிற்கும், அதில் எடுத்திருக்கலாம். அல்லது முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கு, விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவு போதும். அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவன் அடுத்த படத்தை இன்னும் நன்றாக எடுப்பான். இப்போது அவன் அடுத்த படம் எடுப்பானா என்றே எனக்குத் தெரியவில்லை.

அதே மாலை, வாடகைக்கு எடுத்த சினிமா கேமராவில் ஒரு படம் வந்தது. வசனத்தில் பாதி காதில் விழவில்லை. சீலிங் ஃபேன் சத்தத்துக்குள் ஹீரோயின் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு "விஷுவல்ஸ் பிரமாதம்" என்று கைதட்டல். தம்பியின் படத்தில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றி மேடையில் இருந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் எத்தனையோ முறை இங்கே எழுதியதுதான், மறுபடி எழுதுகிறேன். கையில் காசு குறைவு என்றால் முதல் செலவு சத்தத்துக்கு. அடுத்து வெளிச்சம். அப்புறம் லென்ஸ். கேமரா கடைசி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

"அதான் டப்பிங் இருக்கே" என்பார்கள். நம் ஊர் பழக்கம் அது. டப்பிங் பேசத் தெரிந்த நடிகர்கள் கிடைப்பவர்களுக்கு அது சரி. நான் வியாசர்பாடியில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் படம் எடுத்தபோது, பக்கத்து வீட்டில் தையல் வேலை பார்க்கும் அம்மாதான் முக்கியப் பாத்திரம். அவரை ஒரு டப்பிங் அறையில் உட்கார வைத்து, திரையில் தன் உதட்டைப் பார்த்து அதே அழுகையைத் திரும்ப அழச் சொன்னால் எங்கே வரும்? அதனால் லைவ் சவுண்ட்தான், படம் எடுக்கும்போதே குரலையும் பதிவு செய்வது. ஜன்னல்களில் போர்வை கட்டினோம். ஃபேனை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டு பைக் சாவியை அதற்குள் வைத்தோம், கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜை மறுபடி போட வேண்டும் என்பது ஞாபகம் வரும். ஒரு ரயில் போனதும் அடுத்த ரயில் வருவதற்குள் ஒரு டேக். பெயின்ட் அடிக்கிற கழியில் மைக்கைக் கட்டி, ஃப்ரேமுக்குள் வராத அளவுக்கு அவர் தலைக்கு மேலே நெருக்கமாகப் பிடித்தோம். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், தெருச் சத்தம் அப்படியே நிற்கும். எந்த விலையுயர்ந்த கேமராவும் இதைச் செய்து தராது.

கேமரா? நண்பன் கல்யாண வேலைக்கு வைத்திருந்த பழைய கேனான் டிஎஸ்எல்ஆர். அதில் மேஜிக் லேன்டர்ன் என்ற இலவச மென்பொருளை ஏற்றியதும் வெளிச்சம் மிஞ்சிய இடத்தைக் காட்டும் ஜீப்ரா, ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபோகஸ் பீக்கிங், சத்தத்தின் அளவைக் காட்டும் ஆடியோ மீட்டர் எல்லாம் வந்துவிட்டது. திருகி மாட்டும் எம்42 வகைப் பழைய லென்ஸ் ஒன்றை சின்ன அடாப்டர் வளையம் போட்டு மாட்டினோம். ஜன்னல் வெளிச்சத்தைத் தெர்மாகோலில் திருப்பி முகத்தில் விட்டோம். அந்த அம்மாவின் முகம் திரையில் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அதெல்லாம் குறும்படத்துக்குச் சரி, தியேட்டருக்குத் தாங்குமா?" என்று கேட்பவர்களுக்கு: 2012இல் வந்த 'வழக்கு எண் 18/9' கேனான் 7டியில் எடுத்த படம். புகைப்படம் எடுப்பதற்காகச் செய்த கேமரா. வீடியோவில் நிறத்துக்கு வெறும் 8 பிட், அளவு 1920க்கு 1080 புள்ளிகள். அந்தப் படம்தான் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. தியேட்டரின் 2கே டிஜிட்டல் திரையிடலில், ஃப்ளாட் என்ற திரை வடிவத்தின் அளவே 1998க்கு 1080தான், வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். போன் என்று கேலி செய்பவர்களுக்கு 2015இல் வந்த 'டேஞ்சரின்' என்ற அமெரிக்கப் படம் இருக்கிறது. ஐபோன் 5எஸ், லென்ஸ் மேலே அகலத்திரைப் படம் தரும் ஒரு அனமார்ஃபிக் அடாப்டர். தியேட்டரில் ஓடிய படம்.

8 பிட்டுக்கும் 10 பிட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்பது 1024 படிகள் ஆகிறது. வானத்தில் கோடு கோடாகப் பட்டை விழாது, பிறகு நிறத்தைத் திருத்தும் கலர் கிரேடிங்கில் இழுத்தால் தாங்கும். காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் நம் ஊர் மதிய வெயிலில் ஷட்டர் 1/50 வினாடி, லென்ஸ் துளை எஃப்2.8 என்று வைக்க, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100இல் வைத்தாலும் வெளிச்சத்தை ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாகக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். அந்த ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் வேகத்தை ஏற்றி எடுத்தால், எத்தனை பிட் இருந்தாலும் அசைவு வெடுக் வெடுக்கென்று தெரியும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட்டுக்குக் கீழேயும் அதே 1/50தான் ஃப்ளிக்கரிலிருந்து, அதாவது வெளிச்சம் மினுமினுப்பதிலிருந்து காப்பாற்றும். போனிலும் இதையெல்லாம் பூட்டி வைக்க பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது. மேடையில் இருந்தவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லிக் கொடுக்காமல் விரட்டினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எந்தக் கேமராவில் எடுக்கலாம் என்று ஓடிடி நிறுவனங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன என்று ஒருவர் கமென்ட் போடுவார். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு வைத்திருக்கிறது, உண்மை. அவர்கள் காசு கொடுக்கிறார்கள், கேட்கிறார்கள். அந்தத் தம்பிக்கு யார் காசு கொடுத்தார்கள்?

"எல்லோரும் போனில் எடுத்தால் குப்பைதான் சேரும்" என்றும் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, இதற்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. விலையுயர்ந்த கேமராவில் எடுத்த மோசமான படங்களை இத்தனை வருடமாக டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? அப்போதெல்லாம் யாரும் யாரையும் வாசலில் நிறுத்தவில்லையே. இந்தப் பிள்ளைகள் வரும்போது மட்டும் ஏன் தரம் ஞாபகம் வருகிறது?

வாடகைக்கு எடு என்று சொல்வது சுலபம். நான் சாலிகிராமத்தில் ஒரு கேமரா வாடகை நிறுவனத்தில் நின்றிருக்கிறேன். "எந்த பேனர்? கம்பெனி லெட்டர் இருக்கா?" என்றார்கள். இல்லை என்றதும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள், நான் மதியம் வரை நின்றேன். லட்சக்கணக்கில் விலையுள்ள பொருள், தெரியாதவனிடம் தர யோசிப்பார்கள், அது புரிகிறது. ஆனால் நிற்க வைத்த விதம் இன்னும் மறக்கவில்லை. கேமரா கிடைத்தாலும் அதோடு வரும் உதவியாளருக்கு பேட்டா, வண்டி வாடகை, கார்டு, சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற பதற்றம். அந்தப் பதற்றத்தில் நடிகருக்கு இன்னொரு டேக் கொடுக்க மனம் வராது. சொந்தப் போன் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய் எடுக்கலாம். படம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நாம் பேசுவது யார் உள்ளே வரலாம் என்பதைப் பற்றி. எனக்கு அப்படித்தான் படுகிறது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்த வீடியோவை மறுபடி ஒரு முறை பாருங்கள். கதையைப் பற்றி, நடிப்பைப் பற்றி, எடிட்டிங்கைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வி கேட்டார்களா?

ஏற்பாட்டாளர்களுக்கு: அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்திலிருந்து கேமரா மாடல் கேட்கும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் சத்தத்தை யார் பதிவு செய்தார் என்று கேளுங்கள், அந்தப் பெயரையும் மேடையில் படியுங்கள்.

என்னிடம் ஒரு கையடக்க ரெக்கார்டர், இரண்டு காலர் மைக், மைக்கைக் கட்டிப் பிடிக்கும் ஒரு பூம் கழி, ஒரு என்டி ஃபில்டர் இருக்கின்றன. முதல் படம் எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் இன்பாக்ஸில் வாருங்கள். வாடகை கிடையாது, லெட்டரும் வேண்டாம். வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் விருகம்பாக்கத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ரெக்கார்டரை எப்படி செட் செய்வது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டித் தருகிறேன்.