பழைய கூரையைப் பிரிப்பதற்கு முன்னால்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பட்டாலை, அதாவது கூடம், இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. பங்காளிகள் ஆறு புள்ளிக்கும், அதாவது ஆறு குடும்பத்துக்கும், பொதுவான வீடு. மாசியில் எல்லோரும் கூடியபோது, செப்பனிடலாம் என்று ஒருவழியாக முடிவானது. பார்க்க வந்த கட்டட ஆலோசகர் மொட்டைமாடியில் கால் மணி நேரம் சுற்றிவிட்டு, “பழைய டெரஸைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள், மேலே வெப்பம் தடுக்கும் ஃபோம் விரித்துவிடலாம். இப்போது எனர்ஜி கோடு வந்துவிட்டது, இந்தக் கூரை அதில் தேறாது” என்றார். பெரியப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்ன விதியைத் தேடிப் படித்தேன். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான விதித்தொகுப்பு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளின் குடியிருப்புகளுக்காக எழுதியது. அது ஏறக்குறைய 12 சென்ட். தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீடுகள் அந்த அளவைத் தாராளமாகத் தாண்டும்.

கூரைக்கு அது கேட்பது ஒரே ஒரு எண். யு மதிப்பு 1.2-க்கு மேல் போகக்கூடாது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதுதான் யு மதிப்பு. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ். தேக்கு மரச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்த கூரை. என் கணக்கில் எங்கள் கூரைக்கு 2-ஐ ஒட்டி வருகிறது. ஆக, ஆலோசகர் சொன்னது உண்மைதான், தேறாது. ஆனால் அவர் போடச் சொன்ன ஆறு அங்குல கான்கிரீட், ஃபோம் இல்லாமல் 3-க்கு மேல் போகிறது. தேறுவது ஃபோம்தான், கான்கிரீட் இல்லை. அப்புறம் எதற்கு நூறு வருஷத்துத் தேக்கைப் பிரிக்க வேண்டும்?

எங்கள் வீட்டிலேயே பின்கட்டில் 1990-களில் சித்தப்பா ஒரு கான்கிரீட் அறை போட்டார். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஸ்டூலில் ஏறி உள்கூரையைத் தொட்டால் இன்னும் சுடும். நான்கு எட்டு வைத்தால் பட்டாலை. அங்கே தரையில் பாய் விரித்து அப்பத்தா அயர்ந்து தூங்குவார். வளவு என்கிற நடு முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விடுகிறது. அந்த முற்றம் செய்யும் வேலையைக் கூரையின் யு மதிப்பு சொல்லாது.

ஒழுகல் எங்கிருந்து என்று பார்க்க, ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தேன். முன்பு யாரோ சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்ட இடத்தில் நாலு தட்டோட்டைப் பெயர்த்தார். அடியில் சுண்ணாம்பு ஈரத்தில் கூழாகக் கிடந்தது. மரச் சட்டத்தின் நுனி கறுத்து, விரலை வைத்தால் உள்ளே போனது. ஓர் அடி தள்ளி, சிமெண்ட் படாத சட்டம் உளியை வைத்தால் டங்கென்றது. சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்தாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. மேலே ஃபோமையும் ஒட்டி மூடினால் ஈரம் மரத்தைத்தான் தேடிப் போகும்.

இங்கிலாந்தில் கட்டட விதிகளில் எரிசக்திச் சிக்கனம் பற்றிய எல் பகுதி இதை யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் தன்மை கெடுமென்றால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. ஈரத்தை இழுத்து வெளியே விடும் பழைய கட்டுமானத்துக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படி ஒரு வாசகத்தை இங்கேயும் தெளிவாக, தமிழில், ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும்படி எழுதிக் கொடுங்கள் என்பதுதான் விதி எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை. மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏசி போட்ட வீடுகள் எங்கள் தெருவிலும் பெருகிவிட்டன.

பெரியப்பாவிடம் அந்தக் கறுத்த மரச் சட்டத்தின் நுனியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே கொத்தனாருக்குப் போன் போட்டார். கெட்டுப்போன சட்டங்களை மட்டும் மாற்றி, சிமெண்டை எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு ஜல்லி அடித்து, மேலே வெள்ளையடிக்கப் போகிறோம். வெயிலைத் திருப்பியடிக்கும் அந்த வெள்ளைக்கு யு மதிப்பில் இடமில்லை, ஆனால் அறைக்குள் தெரியும். பட்டாலைக்கு நேர் மேலே, பாரம் தாங்குமா என்று பார்த்துவிட்டு, சூட்டைத் தடுக்க மண்பானைகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தட்டோட்டைப் பதிக்கலாம் என்றும் யோசனை.

வைகாசியில் வேலை தொடங்குகிறது. கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்து, கட்டையால் ஜல்லி அடிக்கத் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.