வாங்கலாம், ஆனால் எதை?

வியட்நாம் பங்குகளை வெளிநாட்டுத் தனிநபர்களும் நேரடியாக வாங்கலாம் என்று ஒரு முதலீட்டுக் கட்டுரை உற்சாகப்படுத்துகிறது. சரி, எதை வாங்குவது? அங்குள்ள வங்கிகளில் வெளிநாட்டவர் எல்லோரும் சேர்ந்தே பொதுவாக 30 சதவீதம்தான் வைத்திருக்கலாம். நல்ல பங்குகள் சிலவற்றில் அந்த இடம் நிரம்பிவிடுகிறது. பிறகு இன்னொரு வெளிநாட்டவர் விற்க மனம் வைத்தால்தான் உண்டு. அவரும் சந்தை விலைக்கு மேலேயே கேட்பார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை!

வியட்நாமின் முக்கியப் பங்குச் சந்தையான ஹோ சி மின் சந்தையில் ஒரு பங்கின் விலை சாதாரணமாக ஒரே நாளில் 7 சதவீதத்துக்கு மேல் இறங்காது என்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் பீதியில் விலை அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. நஷ்டத்துக்கு விற்றாலும் விற்ற தொகையில் 0.1 சதவீத வரி உண்டு. வியட்நாமின் டாங் நாணயத்தின் சரிவு தனிக்கணக்கு.